பதினேழு படிகளும் ஒரு கிலோ சந்தனமும்

ஆயுத பூஜையன்று எங்கள் வீட்டில் என்னை ஈரத்துணியைத் தொடவிட மாட்டார்கள். மிக்ஸி, கிரைண்டர், அப்பாவின் கடைத் தராசு, தம்பியின் பைக் எல்லாவற்றையும் மற்றவர்கள்தான் கழுவித் துடைத்துப் பொட்டு வைப்பார்கள். நான் ஓரமாக உட்கார்ந்து பொரியில் கல் பொறுக்க வேண்டும். இத்தனைக்கும் பழைய இரும்பைக் கழுவித் துடைத்துக் காப்பாற்றுவதற்கென்றே வடக்கே போய் இரண்டு வருடம் படித்துப் பட்டம் வாங்கியவள் நான். எங்கள் தெருவில் இரும்பைத் துடைக்கச் சான்றிதழ் வைத்திருப்பவள் நான் ஒருத்திதான். இருந்தும் தொடக் கூடாது. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

எங்களுக்குப் பழனி. அடிவாரத்தில் அப்பா பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறார். விபூதி, சந்தனம், குங்குமம், காவடிக்கு மயில்தோகை. அந்தக் கடையில் உட்காராமல் நான் பழைய உலோகப் பராமரிப்பு படிக்கப் போகிறேன் என்றதும் வீட்டில் ஒரு மாதம் யாருக்கும் விளங்கவில்லை. பழைய வீடுகளின் இரும்புக் கதவு, கிராதி, தூண், மணி, இவற்றையெல்லாம் கெடுக்காமல் சரிசெய்யும் படிப்பு என்று விளக்கினேன். பெரியப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நம்ம பழைய இரும்புக் கடை பாய்க்குத் தெரியாததையா அங்க சொல்லிக் குடுத்துரப் போறாங்க?" என்றார். (பெரியப்பாவுக்குப் பதில் சொல்லி ஜெயித்தவர்கள் எங்கள் குடும்பத்தில் இதுவரை இல்லை.)

படிப்பை முடித்து வந்தபோது எனக்கு வயது இருபத்தாறு. தலைக்கனத்துக்கு வயது கிடையாது, அது தனியாக வளர்ந்துகொண்டிருந்தது. யாராவது வீட்டுக் கேட்டுக்குப் பெயின்ட் அடித்தால்கூட நின்று, "அடியில இருந்த பழைய பெயின்ட என்ன பண்ணீங்க?" என்று விசாரிப்பேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை, "அது உங்களுக்கு வேணுமாம்மா, பாக்கெட் போட்டுத் தரட்டா?" என்று கேட்டுவிட்டார்.

அந்தக் கனத்தோடு நான் தனியாக எடுத்த முதல் வேலை, கொடைக்கானலில் மேபெல் டீச்சர் வீட்டுச் சுருள் படிக்கட்டு.

மேபெல் டீச்சர் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் குட்டு வாங்கியவர்கள், மீதிப் பேர் வாங்கியவர்களின் பிள்ளைகள். வெள்ளைக்காரர் காலத்துக் கல்வீடு. கீழ்த்தளத்தைச் சுற்றுலாக்காரர்களுக்கு விட்டுவிட்டு டீச்சர் மாடியில் தனியாக இருந்தார். அந்த மாடிக்கு உள்ளே படி கிடையாது. வெளியே முற்றத்திலிருந்து வார்ப்பிரும்புச் சுருள் படிக்கட்டு மட்டும்தான். நடுவில் ஒரு தண்டு, அதைச் சுற்றிப் பதினேழு படிகள், ஒவ்வொன்றிலும் கொடியும் இலையுமாக வேலைப்பாடு. மேலே போனால் மாடி வராந்தா கிராதியில் ஒரு திறப்பு. அதன் வழியாக உள்ளே போய்விடலாம். நூறு வருடம் கொடைக்கானல் மேகத்தில் நனைந்து படிகள் ஆடத் தொடங்கியிருந்தன. அவற்றைக் கழற்றி, துருவை நீக்கி, பழையபடி மாட்ட வேண்டும்.

வேலைக்கு ஒரு கெடு இருந்தது. டீச்சரின் தம்பி மகள் ஷைனிக்குக் கல்யாணம். தகப்பன் இல்லாத பெண். டீச்சர்தான் வளர்த்து ஆளாக்கினார். கோயிலுக்குள் (சர்ச்சை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்) ஷைனியின் கையைப் பிடித்துப் பீடம் வரை கூட்டிப் போக வேண்டியவர் டீச்சர். அதற்காகவே மெரூன் கலரில் பட்டுச்சேலை எடுத்து மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார். கல்யாணம் ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு.

"பத்தே நாள் டீச்சர். அதுவரைக்கும் கீழ வந்து இருந்துக்கங்க," என்றேன்.

கீழே பூஜை விடுமுறைக்கு எல்லா அறைகளையும் ஆட்கள் பிடித்திருந்தார்கள். டீச்சருக்கும் தன் ஜெரேனியம் பூந்தொட்டிகளையும் பூனையையும் விட்டு இறங்க மனமில்லை. மாடியிலேயே குளியலறை இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, பால் காய்கறியைக் கூடையில் கயிறு கட்டி இழுத்துக்கொள்கிறேன் என்றார். ஒரே ஒரு விஷயம் சொன்னார். இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, ஏணி என்றால் ஒரு படிகூட இறங்க முடியாது. "உன்ன நம்பித்தான் மேல இருக்கேன், கேட்டியா? டேட் மிஸ் ஆச்சுன்னா நான் இங்கேயேதான்."

நான் சிரித்தேன். பத்து நாள் என்று மறுபடியும் சொன்னேன், விரல்களை விரித்துக் காட்டி. இப்போது நினைத்தால் அந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி முறிக்க வேண்டும்போல் இருக்கிறது.

என்னோடு வேலைக்கு வந்தவர் முருகேசன் அண்ணன். அட்டுவம்பட்டியில் வெல்டிங் பட்டறை. ஷட்டர், கிரில், தண்ணித்தொட்டி ஸ்டாண்டு எல்லாம் செய்பவர். வில்பட்டியிலிருந்து இரண்டு ஆட்களையும் கூட்டி வந்தார். பூண்டுக் காட்டில் சோலி இல்லாத நாளில் அவரோடு பாரம் தூக்க வருபவர்கள். சாரம் கட்டி, உச்சியில் செயின் பிளாக் தொங்கவிட்டு (லாரி இன்ஜினைத் தூக்கும் சங்கிலிக் கப்பிதான்), ஒவ்வொரு படியாகத் தண்டின் தலைவழியே உருவி இறக்கினார்கள். ஒரு படி முப்பது கிலோ இருக்கும்.

முதல் படி தரைக்கு வந்ததுமே முருகேசன் அண்ணன் பையிலிருந்து நம்பர் பஞ்சை எடுத்தார். இரும்பில் வைத்துச் சுத்தியலால் தட்டினால் எண் பதிந்துவிடும். நான் குறுக்கே போய் நின்றேன்.

"அண்ணே, நிறுத்துங்க. இது நூறு வருஷப் படி."

"அதான் மேடம். நூறு வருஷப் படி பதினேழு கெடக்கு, எல்லாம் ஒரே சாடை. அடியில ஒரு தட்டுத் தட்டிட்டா முடிஞ்சது. அடியில யாரு வந்து பாக்கப்போறா?"

அவரை உட்காரவைத்து அரை மணி நேரம் வகுப்பெடுத்தேன். பழைய பொருளில் நாம் செய்யும் எதுவும் பின்னால் அழிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஒரு கீறல்கூட நிரந்தரமாக விழக் கூடாது. படியின் அடிப்பக்கத்தில் இருக்கும் பழைய பெயின்டைக்கூட நகத்தால் சுரண்டக் கூடாது, அதுவும் வரலாறு. எண் எழுதிய அலுமினிய டோக்கன்கள் மதுரையிலிருந்து வந்துகொண்டிருக்கின்றன, வந்ததும் கம்பியில் கட்டித் தொங்கவிடலாம். அதுவரைக்கும் சாக்பீஸ்.

"சாக்பீஸா?" என்றார் முருகேசன் அண்ணன். பஞ்சைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். விவரம் தெரிந்தவர்கள் நம்மோடு சண்டை போடுவதை நிறுத்திவிட்டால் நாம் ஜெயித்துவிட்டோம் என்று அர்த்தமில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

பதினேழு படிக்கும் அழகாகச் சாக்பீஸால் எண் போட்டேன். ஒவ்வொன்றையும் போனில் படமும் எடுத்தேன். 'படம் எடுத்திருந்தால் அப்புறம் என்ன கஷ்டம்?' என்று இந்த இடத்தில் எல்லோரும் கேட்பார்கள். எல்லாப் படத்திலும் நான்தான் இருந்தேன். மஞ்சள் ஹெல்மெட், கையில் சாக்பீஸ், முகத்தில் ஒரு பெருமிதம். தோளுக்குப் பின்னால் மங்கலாக ஒரு படியின் ஓரம் தெரிந்தது. எத்தனையாவது படி என்பது என் காதுக்குப் பின்னால் போய்விட்டது.

டோக்கன் வரவில்லை. பூஜை விடுமுறை வந்துவிட்டது.

ஆயுத பூஜை அந்த வருடம் வெள்ளிக்கிழமை. துரு எடுக்கும் வேலை வியாழக்கிழமையோடு முடிந்திருந்தது. படிகள் முற்றத்தில் தார்ப்பாய் மேல் வரிசையாகக் கிடந்தன. நான் வியாழன் மாலையே பழனிக்கு வந்துவிட்டேன். பூஜைச் சாமான் கடைக்காரர் மகள் வேலை செய்யும் இடத்தில் பூஜை சப்பென்று இருந்தால் கடைக்கு என்ன மரியாதை? அப்பா ஒரு கிலோ அசல் சந்தனம், இரண்டு படி விபூதி, குங்குமம் எல்லாம் கட்டி வைத்திருந்தார். டீச்சரிடமும் போனில் அனுமதி கேட்டேன். முற்றத்தில் தாராளமாகக் கும்பிடுங்கள், பொரி மட்டும் மறக்காமல் கூடையில் போட்டு அனுப்பு என்றார்.

அன்றைக்கே முருகேசன் அண்ணனுக்கும் போன் போட்டேன். என் வாழ்க்கையிலேயே தெளிவாக நான் கொடுத்த ஒரே உத்தரவு அதுதான். "அண்ணே, நான் காலைல பஸ் புடிச்சு வந்துர்றேன். அதுக்குள்ள அத்தனையும் கழுவி வைங்க. ஒண்ணு விடக் கூடாது. அழுக்கோட சாமி கும்பிட்டா நல்லாருக்காது."

"படியவுமா மேடம்?"

"படியத்தான் முதல்ல கழுவணும்."

அவர் இரண்டு முறை கேட்டார். பிறகு பல தடவை இதைச் சபையில் சொல்லிக் காட்டியிருக்கிறார், இரண்டு முறை கேட்டேன் என்று. உண்மைதான், கேட்டார்.

மலைப்பாதையில் மேகம் இறங்கி, முன்னால் ஒரு கேரட் லாரி மாட்டி, நான் போய்ச் சேர மணி பதினொன்றாகிவிட்டது. முற்றத்தைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வில்பட்டி ஆட்கள் வெள்ளனே வந்து தேங்காய் நாரும் புளியும் போட்டு அத்தனை படிகளையும் முன்னும் பின்னும் தேய்த்திருந்தார்கள். பதினேழும் பித்தளைக் குடம் மாதிரித் துலங்கின. கொண்டுபோன சந்தனத்தைக் கரைத்துக் கொடுத்தேன். பொட்டு வைத்தால் போதும் என்றுதான் நினைத்தேன். அவர்களோ கையால் அள்ளி மேலும் கீழும் மெழுகினார்கள். ஓசிச் சந்தனம் என்றால் எறும்புப் புற்றுக்கும் பூசுவோம் என்று அவர்களில் ஒருவர் சொன்னார். அதன்மேல் குங்குமம். சங்கிலிக்கு, சுத்தியலுக்கு, வெல்டிங் மிஷினுக்கு, எனக்கு. வாசலில் பூசணிக்காய் உடைத்தோம். கூடை பொரியோடு மேலே போனது.

நான் அந்தப் படிகளுக்கு முன்னால் நின்று இன்னும் ஆறு படம் எடுத்துக்கொண்டேன். ஆறிலும் ஒரு எண்கூட இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

பூஜையில் வைத்ததை அன்றைக்குத் தொடக் கூடாது. மறுநாள் சனிக்கிழமை, விஜயதசமி. எதைத் தொடங்கினாலும் துலங்கும் என்பார்கள். முருகேசன் அண்ணன் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, "முத நம்பர் எது மேடம்? எடுத்துக் குடுங்க," என்றார்.

தார்ப்பாயைச் சுற்றி ஒரு முறை நடந்தேன். இன்னொரு முறை நடந்தேன். மூன்றாவது சுற்றில் வில்பட்டி ஆட்களில் ஒருவர், "மேடம் வேண்டுதல் வச்சிருக்காங்க போல," என்று மற்றவரிடம் சொன்னது காதில் விழுந்தது.

"அண்ணே, சாக்பீஸ் நம்பர் எங்கண்ணே?"

"கழுவச் சொன்னீங்கள்ல மேடம்."

அழிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று நான் அரை மணி நேரம் வகுப்பெடுத்த விஷயம் கச்சிதமாக அழிந்திருந்தது. புதன்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது. மேலே மாடியில் டீச்சர் மெரூன் பட்டுக்கு ரவிக்கை தைத்து வந்ததைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் ஒரே சாடைதானே, எப்படி மாட்டினால் என்ன என்று நினைப்பீர்கள். நானும் ஒரு நிமிடம் நினைத்தேன். ஒவ்வொரு படியின் வளையத்திலும் கீழே ஒரு பல் இருக்கும். அது அதற்குக் கீழ்ப் படியின் காடியில், அந்தப் பள்ளத்துக்குள், உட்கார வேண்டும். நூறு வருடத்துக்கு முன்னால் மாட்டியவர்கள் ஒவ்வொரு பல்லையும் அதனதன் ஜோடிக்கு ஏற்ப அரத்தால் ராவியிருந்தார்கள். ஜோடி மாறினால் படி ஒரு விரல்கடை திரும்பி உட்காரும். ஒரு படிக்கு ஒரு விரல்கடை என்றால் பதினேழு படிக்கு எங்கே போய் நிற்கும் என்பது கணக்கு டீச்சர் வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி.

என் முகத்தைக் கிராதிக்கு மேலிருந்தே படித்துவிட்டார் டீச்சர். என்ன ஆச்சு என்று அதட்டினார். சொன்னேன். ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் திட்டினார். பிறகு அவரே ஒரு வழி சொன்னார். ஐம்பது வருடமாகத் தினமும் இந்தப் படியில் ஏறி இறங்குகிறாராம். ஒவ்வொரு படியும் மிதிக்கும்போது ஒரு சத்தம் கொடுக்குமாம். "ஒவ்வொண்ணா தட்டு, எது எந்தப் படின்னு நான் சொல்றேன். எனக்கு எல்லாம் பை ஹார்ட்."

இதைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. பேசும் படிகள். நோட்டை எடுத்து 'ஒலி நினைவு' என்று தலைப்புப் போட்டு இரண்டு கோடும் கிழித்துவிட்டேன். (அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. அடுத்த பக்கம் காலி.)

ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் ஆராதனை கேட்டு முடித்துவிட்டு டீச்சர் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முருகேசன் அண்ணன் சுத்தியலால் ஒவ்வொரு படியாகத் தட்டினார். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு, "ஒன்பது", "நாலு", "திரும்பத் தட்டு... பதினொண்ணு," என்று சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒரே எண் மூன்று படிகளுக்கு வந்தது. அதற்கும் டீச்சர் பதில் வைத்திருந்தார், முருகேசன் தட்டுவது சரியில்லையாம். படிகள் தரையில் தார்ப்பாய் மேல் கிடக்கும்போது வரும் சத்தமும் தண்டில் மாட்டி மிதிக்கும்போது வரும் சத்தமும் ஒன்றாக இருக்காது என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பட்டம் வாங்கிய எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை முழுக்க மாட்டினோம். பல் சரியாக உட்காராத இடங்களில் முருகேசன் அண்ணன் அரத்தை எடுத்தார். நான் பாய்ந்து பிடுங்கினேன். ஒரு பொடி இரும்புகூடக் குறையக் கூடாது என்றேன். சாயங்காலம் பதினேழாவது படியும் ஏறியது. நானே முதல் ஆளாக, வலது காலை எடுத்து வைத்து, ஹெல்மெட்டோடு ஏறினேன். கடைசிப் படியில் நின்று நிமிர்ந்து பார்த்தால் மூக்குக்கு எதிரே கல்சுவர். வராந்தாத் திறப்பு இடது பக்கம் இரண்டு கை தள்ளி இருந்தது. அங்கே டீச்சர் நின்றுகொண்டிருந்தார்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். "எங்கம்மா போற?" என்றார்.

செவ்வாய்க்கிழமை மேல் எட்டுப் படியை உருவி, ஆளுக்கொரு யோசனையாக மாற்றி மாட்டிப் பார்த்தோம். இந்த முறை வழி சுவரைத் தாண்டி மழைத்தண்ணீர்க் குழாய்க்குப் போனது. முருகேசன் அண்ணன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, சுவரை உடைத்து வாசல் வைத்துவிடலாமா என்று கேட்டார்.

"பழைய கட்டடம்ணே. ஒரு கல்லக்கூட எடுக்கக் கூடாது."

"படியத் தட்டக் கூடாது, பல்ல ராவக் கூடாது, சுவத்த ஒடைக்கக் கூடாது. அப்ப டீச்சரத்தான் ஒடச்சு எறக்கணும்," என்றார்.

நான் தார்ப்பாய் மேல் உட்கார்ந்து அழுதேன். அழகாகவெல்லாம் அழவில்லை, மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். ஷைனி கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தாள், கையில் மருதாணி காய்ந்துகொண்டிருந்தது. பாவம், ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அத்தை இல்லாமல் நான் கோயிலுக்குள் நுழைய மாட்டேன் என்று மட்டும் சொன்னாள். அதற்கு அவள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

முருகேசன் அண்ணன் என்னைப் பார்த்தார், சாரத்தின் உச்சியைப் பார்த்தார், செயின் பிளாக்கைப் பார்த்தார். "மேடம், இந்தக் கப்பி ரெண்டு டன் தாங்கும். டீச்சர் என்ன எடை இருப்பாங்க?"

புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு முற்றத்தில் இருந்தவர்கள்: மணப்பெண், மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண்ணை அழைக்க வந்த பதினைந்து பேர், பேண்டு செட், போட்டோக்காரர், கீழ்த்தளத்துச் சுற்றுலாக்காரர்கள். அதோடு, என் முதல் வேலையைக் கண்குளிரப் பார்க்க டீச்சர் அழைத்திருந்ததால் பழனியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய அப்பா, அம்மா, பெரியப்பா. குழாயைப் பார்த்துப் போகும் படிக்கட்டைப் பெரியப்பா கீழிருந்து மேல்வரை நிதானமாகப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. எங்கதான் போவுது?" என்றார்.

டீச்சர் ஓய்வு பெற்றபோது பள்ளியில் கொடுத்த தேக்கு நாற்காலி மாடியில் இருந்தது. சாரத்தில் தொற்றி மாடிக்கு ஏறி, அதன் நான்கு மூலையிலும் பெல்ட் கட்டி, டீச்சரை உட்காரவைத்து, இடுப்புக்கு ஒரு பெல்ட் போட்டோம். மெரூன் பட்டு, கொண்டையில் வெள்ளை ரோஜா, மடியில் கைப்பை, தலையில் என் மஞ்சள் ஹெல்மெட். கண்ணை மூடி ஒரு ஜெபம் சொன்னார். திறந்து, "முருகேசா, நீ எய்த் ஸ்டாண்டர்ட்ல கணக்குல எத்தன மார்க்?" என்றார். முப்பத்தாறு என்றார் அவர். டீச்சர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

சங்கிலி கரகரவென்று சத்தம் போட, டீச்சர் வராந்தாவிலிருந்து கிளம்பி ஆகாயத்துக்கு வந்தார். பேண்டுக்காரர்கள் யாரும் சொல்லாமலே வாசிக்க ஆரம்பித்தார்கள். பாதி தூரம் இறங்கியதும் சங்கிலி மாட்டிக்கொண்டது. வில்பட்டி ஆள் இழுக்கிறார், முருகேசன் அண்ணன் இழுக்கிறார், அசையவில்லை. டீச்சர் படிக்கட்டுக்கு வெளியே ஆள் உயரத்துக்கு மேல் தொங்கிக்கொண்டு, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். போட்டோக்காரர் படுத்து எடுத்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன், இல்லை.

இரண்டாவது சுற்றில் டீச்சர் கைப்பையைத் திறந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். தலைக்கு மேலே இருந்த படிகளின் அடிப்பக்கத்தை உற்றுப் பார்த்தார்.

"ஏம்மா, இங்க கோடு கோடா என்னமோ வெட்டியிருக்கே. மஞ்சளாத் தெரியுது." சுற்று விலகியது. மறுபடி திரும்பி வரும்வரை எல்லோரும் காத்திருந்தோம். "ரோமன் நம்பர். இது ஆறு. அதுக்கு மேல பதிமூணு. அதுக்கும் மேல ரெண்டு." கீழே என்னைப் பார்த்தார். "யாரு போட்ட கணக்கும்மா இது?"

நான் ஓடிப்போய்ப் படிக்கட்டுக்கு அடியில் நுழைந்து அண்ணாந்து பார்த்தேன். தண்டை ஒட்டி, ஒவ்வொரு படியின் அடியிலும், உளியால் வெட்டிய கோடுகள். முதன்முதலில் மாட்டியவர்கள் போட்ட வரிசை எண். நான் சுரண்டவே கூடாது என்று காவல் காத்த பழைய பெயின்ட் நூறு வருடமாக அவற்றை மூடியிருந்தது. புளியும் நாரும் போட்டுத் தேய்த்ததில் பெயின்ட் உதிர்ந்து, அள்ளி மெழுகிய சந்தனம் ஐந்து நாளில் காய்ந்து, மற்ற இடத்தில் உதிர்ந்து, வெட்டுப் பள்ளத்தில் மட்டும் தங்கிப் பளிச்சென்று நின்றது. பழைய இரும்பைப் பிரிக்கும் முன் அதன் அடியில் பழைய குறி இருக்கிறதா என்று பார் என்பது எங்கள் படிப்பில் முதல் வாரப் பாடம். அந்த வாரம் நான் ஹெல்மெட் கலர் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன்.

முருகேசன் அண்ணனும் குனிந்து பார்த்தார். ஒரு கோட்டை விரலால் தடவினார். "அந்தக் காலத்துலயும் என்ன மாதிரி ஒருத்தன் இருந்திருக்கான் மேடம்," என்றார். "அவனுக்கு யாரும் கிளாஸ் எடுக்கல போல."

அதற்குள் சங்கிலி விடுபட்டு டீச்சர் கீழே வந்து சேர்ந்தார். பத்து மணிக் கல்யாணத்துக்குப் பத்தே காலுக்கு ஷைனியின் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குள் நடந்தார். பாதி வழியில்தான் தலையில் ஹெல்மெட் இருப்பது யாருக்கோ நினைவு வந்தது.

கல்யாணம் முடிந்த மறுநாளே, உளி எண் வரிசைப்படி எல்லாவற்றையும் உருவி மாட்டினோம். ஒவ்வொரு பல்லும் அதன் காடியில் டக்கென்று உட்கார்ந்தது. மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. பதினேழாவது படி வராந்தாத் திறப்புக்கு நேராக, நூல் பிடித்ததுபோல் நின்றது. எனக்கு அன்றைக்கும் அழுகை வந்தது, இந்த முறை யாரும் பார்க்கவில்லை. டீச்சர் ஏறும்போது ஒவ்வொரு படியாக நின்று மிதித்துப் பார்த்தார். "நான் சொன்ன சத்தம்தான்," என்றார்.

இது நடந்து ஏழு வருடம் ஆகிறது. ஷைனியின் கல்யாண ஆல்பத்தில் முதல் படம் மணமக்கள் இல்லை, ஆகாயத்தில் டீச்சர். அப்பா இன்றைக்கும் சந்தனம் வாங்க வருகிறவர்களிடம், "இது துருப்பிடிச்ச இரும்புலயே எழுத்தக் காட்டும்," என்று சொல்லித்தான் விற்கிறார். பெரியப்பா எங்கே படிக்கட்டைப் பார்த்தாலும், பழனி மலைப்படியாகவே இருந்தாலும், "பாப்பா மாட்டுனதா? எங்க போவுதுன்னு கேட்டுக்கிட்டு ஏறுவோம்," என்பார். முருகேசன் அண்ணனும் நானும் அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வீடுகளில் சேர்ந்து வேலை செய்துவிட்டோம். எதைப் பிரித்தாலும் முதலில் இருவரும் அடியில் படுத்துப் பார்ப்போம். சாக்பீஸ் டப்பாவை மட்டும் அவர் ஒளித்து வைத்துவிடுவார்.

ஒவ்வொரு வருடமும் ஆயுத பூஜைக்கு முதல் நாள் நான் சந்தனம் எடுத்துக்கொண்டு கொடைக்கானல் போவேன். படிக்கட்டுக்கு ஒரு பொட்டு வைக்க வேண்டும், அவ்வளவுதான். வரப்போகிறேன் என்று காலையில் போன் பண்ணுவேன். நான் போய்ச் சேர்வதற்குள் மேபெல் டீச்சர் ஒரு சின்னப் பெட்டியில் இரண்டு சேலை, மாத்திரை, மூக்குக்கண்ணாடி எல்லாம் எடுத்து வைத்து, பூனையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டே இறங்கி, கீழே முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

"பதினேழும் இருக்கும்மா," என்பார். "இப்ப நீ கழுவிக்கோ."